மூன்று பத்திரிகையும் ஒரு கை கொழுந்தும்

ஒரே நாளில் பிச்சைக்காரியாகவும் போராட்டக்காரியாகவும் திருடியாகவும் ஆக வேண்டுமென்றால் ஒருத்திக்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! சுகுணாவுக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையிலும் தேயிலைக் கொழுந்தை அள்ளி, "இந்தாங்க, இத எடுங்க" என்று ஒரு போட்டோக்காரர் முன்னால் நீட்டினாள். மிச்ச வேலையைப் பத்திரிகைகள் பார்த்துக்கொண்டன.

கோத்தகிரிக்குக் கீழே இருக்கிற பனிமட்டம் எஸ்டேட்டில்தான் இது நடந்தது. தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். இலை விற்ற காசு அதைப் பறித்த கூலிக்கே காணாது என்றான பிறகு, எஸ்டேட் முதலாளி பேக்டரியை இழுத்துப் பூட்டினார். "மறுபடி தொறக்கற வரைக்கும் கொழுந்த நீங்களே எடுத்து வித்துப் பொழச்சுக்குங்க" என்று தொழிலாளர் அதிகாரி முன்னாலேயே எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு, காரில் ஏறிக் கோயமுத்தூருக்கு இறங்கிவிட்டார். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலிருந்த ஆம்பிளைகள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். சுகுணாவின் புருஷன் வடிவேலும் போனான். பெண்கள் போகவில்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றவர்கள் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்து நட்ட வாழ்க்கை இது. இன்னொரு தடவை பெட்டியைத் தூக்க அவர்களுக்கு மனசில்லை.

கொழுந்தை வாங்க வந்த ஏஜெண்ட், வாயைத் திறந்தாலே "முத்தின எலை" என்றான். அவன் வைத்ததுதான் விலை. ரோஷக்காரியான சுகுணாவுக்கு அது பொறுக்கவில்லை. நேரே மேலூர்ப் பக்கமிருந்த கூட்டுறவுத் தேயிலை பேக்டரிக்குப் போய், அதன் செயலாளர் ஆறுமுகசாமியைப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். "ஏனுங்க அம்மிணி, ரெண்டு எலை ஒரு மொட்டு, அதுக்கு மேல ஒரு காம்பு இருக்கக் கூடாது. அப்பிடிக் கொண்டாந்தீங்கன்னா நான் எடுத்துக்கறனுங்க. கொழுந்து வளர்ந்து ஒழுங்குக்கு வரட்டும், நானே வந்து பாக்கறேன்" என்றார்.

அப்படிப் பறிப்பது லேசான காரியமா என்ன? கை நிறைய உருவிப் போட்டால் கூடை மளமளவென்று நிறையும். மொட்டு பார்த்துக் கிள்ளினால் பொழுது சாய்ந்தாலும் பாதிக் கூடைதான். லைனிலேயே மூத்தவளான காத்தாயிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஏண்டி சுகுணா, எடையே நிக்கலியேடி! அந்த ஏஜெண்டுப் பய குடுக்கிற கொஞ்சமும் போச்சுன்னா அடுப்புல என்னாத்தடி வைக்கிறது?" என்று மலையில் நின்றபடியே கத்தினாள்.

"என்னைய நம்பு அக்கா. பேக்டரிக்காரரு வந்து பாத்தா வாங்காம போக மாட்டாரு. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் சுகுணா.

அத்தனை பெண்களும் அவள் வார்த்தையை நம்பி, கிள்ளியதை அதுவரை ஏஜெண்டுக்கே போட்டுக்கொண்டு, அரை வயிற்றோடு மொட்டுக் கிள்ளினார்கள். பேக்டரி கொழுந்தை எடுத்தால் பனிமட்டம் பிழைக்கும். எடுக்காவிட்டால் பழையபடி ஏஜெண்ட் காலடிதான், சுகுணாவின் பேச்சுக்கும் அன்றோடு மரியாதை போய்விடும்.

இந்த நேரத்தில்தான் பூட்டிக் கிடக்கிற எஸ்டேட்டுகளைப் பற்றி எழுத மூன்று பத்திரிகைகளின் நிருபர்கள் வந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே போட்டோக்காரர், கோத்தகிரியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற மரியஅந்தோணி. அங்கே அதுதான் வழக்கம். அவர் ஒரு படம் எடுப்பார், மூன்று பிரதி போடுவார், மூன்று கவரில் வைத்து மேட்டுப்பாளையம் வழியாகப் போகிற கோயமுத்தூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். நிருபர்கள் என்னென்னவோ கேட்டார்கள். சுகுணா எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாகக் கொழுந்தை அள்ளி நீட்டினாள். "நீலகிரி எலை தரமில்ல, தரமில்லங்கிறாங்களே, இத எடுத்துப் போடுங்க. பாக்கட்டும்!" என்றாள். பளிச்சென்று விளக்கு மின்னியது.

மறுநாள் காலை டீக்கடையில் 'பொற்காலை' வந்து இறங்கியது. முதல் பக்கத்திலேயே சுகுணா. ஆனால் அச்சு மை அப்பியதில் கையிலிருந்த கொழுந்து கறுப்பாக ஏதோ அழுக்குப் போலத் தெரிந்தது. மேலே கொட்டை எழுத்தில், "பசிக் கொடுமை: கையேந்தி நிற்கும் தேயிலைப் பெண்". சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த சுகுணா தாளை மடக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அடுத்தது 'உரிமைக்கொடி'. அதிலும் அதே படம்தான், ஆனால் முழங்கைக்கு மேலே வெட்டிவிட்டார்கள். பேசத் திறந்த வாய் மட்டும் பெரிதாக இருந்தது. "நிர்வாகத்தைக் கண்டித்து ஆவேச முழக்கம்" என்று போட்டிருந்தது. ஆள் அனுப்பாமலே எழுதிய இங்கிலீஷ் பேப்பர் ஒன்றும் கடைக்கு வந்திருந்தது, அதில் படமே இல்லை. ஏலத்தில் விலை மீண்டும் சரிந்தது என்று நாலே வரி. அதில் சரிவு இருந்தது, ஆள் ஒருத்தர்கூட இல்லை.

சாயங்கால பஸ்ஸில் 'அந்திமணி' வந்தது. அவர்கள்தான் கொழுந்தைத் தெளிவாக அச்சடித்திருந்தார்கள், புண்ணியவான்கள்! எதற்கென்று நினைக்கிறீர்கள்? "பூட்டிய எஸ்டேட்டில் இலை திருட்டா? கையும் களவுமாகச் சிக்கிய படம்!" என்று போடுவதற்கு.

"அதே சேலைதானேடி? அதே நிமிசம்தானே? பேப்பருக்குப் பேப்பர் எப்புடிடி வேற வேற ஆளாயிட்ட?" என்று காத்தாயி மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சிரிக்கிறதா அழுகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் கொழுந்தைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்த ஆறுமுகசாமி வரவில்லை. சுகுணாவே பேக்டரிக்கு ஓடினாள். மேஜைமேல் 'அந்திமணி' விரித்துக் கிடந்தது.

"நாங்க களவா எடுக்கல, முதலாளியே எடுக்கச் சொன்னாருன்னு ஒங்களுக்குத் தெரியாதாங்க?" என்றாள்.

"தெரியுமுங்க அம்மிணி. எனக்குத் தெரியும், இந்த ஊருக்கே தெரியும். ஆனா பேப்பர்ல வந்துருச்சுங்களே! நாளைக்கு எங்க போர்டுல நாலு பேரு, திருட்டு எலைய வாங்குனியான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? பேப்பர்ல போட்டதைப் பேப்பர்லயே மாத்திப் போடச் சொல்லுங்க. அப்பறம் மறுபேச்சு இல்லீங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

சுகுணா அப்படியே கோத்தகிரிக்குப் பஸ் ஏறினாள். டிக்கெட்டுக்குக் காசை நீட்டினால் கண்டக்டர் வாங்கவில்லை. "வேண்டாம்மா, நீயே வச்சுக்கோ. பேப்பர்ல பாத்தேன், பாவம்" என்றார். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பிறந்ததிலிருந்து யாரிடமும் ஓசி வாங்காதவள் அவள்.

"டிக்கெட்டக் கிழிங்கண்ணே. இல்லாட்டி வண்டிய நிறுத்துங்க, நான் நடந்துக்கிறேன்" என்றாள். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார்.

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மரியஅந்தோணியைப் பிடித்துக்கொண்டாள். "என்னாண்ணே இப்புடிப் பண்ணிப்புட்டீங்க? நான் கொழுந்தக் காட்டுனா, நீங்க என் மானத்தக் காட்டிட்டீங்களே!"

பாவம், அந்த மனிதர் முழுப் படத்தை எடுத்துக் காட்டினார். அதில் கொழுந்து ஒவ்வொரு மொட்டாகத் தெரிந்தது. "நான் இதைத்தாம்மா மூணு பேருக்கும் அனுப்பினேன். வெட்டறதும் தலைப்புப் போடறதும் ஆபீஸ்ல. 'பொற்காலை'க்குக் கண்ணீர் வேணும். 'உரிமைக்கொடி'க்குச் சண்டை வேணும். 'அந்திமணி'க்குப் போலீஸ் கேசு வேணும். நாம எதை அனுப்பினாலும் அவங்கவங்களுக்கு வேண்டியதைத்தான் அதுல பாப்பாங்க. இருபது வருஷமா இதான் நடக்குது."

"மாத்திப் போடச் சொல்லுங்க."

"போடுவாங்க. உள்பக்கத்துல, தீப்பெட்டி அகலத்துல. உங்க செயலாளர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள கொழுந்து முத்திரும்." மரியஅந்தோணி கொஞ்சம் தயங்கினார். "அதை விடுங்க. நாளைக்கு உங்க எஸ்டேட்டுக்குக் கீர்த்திவாசன் வர்றார், தெரியுமா? கோயமுத்தூர் ஜவுளிக்கடை முதலாளி. 'பொற்காலை' படத்தைப் பாத்து அவங்க வீட்டம்மா அழுதுட்டாங்களாம். ஒரு லாரி அரிசி கொண்டுவர்றார். மூணு பத்திரிகையும் முதல் பக்கத்துல போட்டே ஆகணும். மூணுலயும் அவர் கடை விளம்பரம் வருதே!"

சுகுணாவுக்கு முதலில் அவமானம்தான் பொங்கியது. அப்புறம் ஏதோ தட்டுப்பட்டவளாக நிமிர்ந்து பார்த்தாள். "அவரு படத்தையும் வெட்டுவாங்களாண்ணே?"

"அவர் படத்தையா?" மரியஅந்தோணி சிரித்துவிட்டார். "அவர் மூக்கு நுனியைக்கூட வெட்ட மாட்டாங்க. மை அப்பினா அச்சடிக்கறவனுக்கு வேலை போயிரும்."

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே சுகுணா ஒரு வழி யோசித்துவிட்டாள். லைனுக்கு வந்ததும் பெண்களைக் கூட்டினாள். அரிசி லாரி வருகிற விஷயம் அங்கே ஏற்கெனவே தெரிந்திருந்தது. காத்தாயி விளக்குமாற்றோடு தயாராக நின்றாள்.

"வரட்டும். லாரிய அப்புடியே திருப்பி அனுப்பிச்சுப்புடுறேன். எங்கப்பன் இலங்கையில, தலவாக்கொல்லைத் தோட்டத்துல தொரைகிட்டயே கை நீட்டாதவன்!"

"திருப்பி அனுப்புனா நாளைக்கு என்னா போடுவாங்கன்னு நினைக்கிற? 'நிவாரணத்தை மறுத்து மறியல்', 'உரிமைக்கொடி'. வெளக்குமாத்தத் தூக்குனியோ, 'தொழிலதிபர் மீது தாக்குதல்', 'அந்திமணி'. பேசாம வாங்கிட்டு வந்தா, 'கண்ணீர் மல்க நன்றி', 'பொற்காலை'. என்னா செஞ்சாலும் நம்ம கொழுந்து மட்டும் வராது அக்கா."

"அப்ப என்னாதாண்டி செய்யச் சொல்ற?"

சுகுணா சொன்னாள். காத்தாயி முதலில் முறைத்தாள், பிறகு விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி கெட்டிக்காரி!" என்று கன்னத்தில் ஒரு இடி இடித்தாள்.

மறுநாள் பனி விலகும்போதே எல்லாரும் மலைக்கு ஏறிவிட்டார்கள். அன்றைக்குப் பறித்ததைப் போல அவர்கள் வாழ்நாளில் பறித்ததில்லை. ஒரு முற்றல் காம்பு தப்பி விழுந்தால்கூடப் பக்கத்திலிருந்தவள் எடுத்து எறிந்தாள். லாரி வந்து நிற்கும்போது, இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்க்காமல், கூடை நிறையக் கொழுந்தோடு வரிசையாக வந்து நின்றார்கள்.

கீர்த்திவாசன் வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. படத்தைப் பார்த்து மனசு கேட்காமல் வந்தவர்தான். லாரியில் கடைப் பெயர் எழுதிய துணி கட்டியிருந்தது. நிருபர்கள் மூவரும் இருந்தார்கள், மரியஅந்தோணி கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் முதல் ஆள் சுகுணா.

அவர் அரிசிப் பையைத் தூக்கினார். சுகுணா அதை வாங்கவில்லை. "ஐயா, அதக் கொஞ்சம் கீழ வச்சுட்டு, ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றாள்.

கோயிலில் பிரசாதத்துக்கு நீட்டிப் பழகிய கை, கேட்டதும் தானாகவே நீண்டது. சுகுணா ஒரு அள்ளு கொழுந்தை அந்தக் கைகளில் போட்டாள். பின்னால் நின்ற காத்தாயி இன்னொரு அள்ளு போட்டாள். இரண்டு கையும் நிறைந்து வழிய, ஜவுளிக்கடை முதலாளி திருதிருவென்று விழித்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதை என்ன பண்றதுங்க?"

"மோந்து பாருங்கய்யா."

அவர் குனிந்து மோந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடடா! தெனமும் நாலு வேளை டீ குடிக்கிறேன், பச்சையா இப்பத்தானுங்க மோந்து பாக்கறேன்!" என்றார். விளக்கு மின்னியது. ஒரு தடவை இல்லை, மரியஅந்தோணி இருந்த பிலிம் சுருளையே தீர்த்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

"அரிசி குடுக்க வந்த ஒங்க மனசுக்குக் கும்பிடு போடுறோம். நாங்க வேணாம்னு சொல்லல" என்றாள் சுகுணா. "ஆனா எங்களப் பட்டினிக்காரிங்கன்னு பாத்துட்டுப் போயிறாதீங்க. நாங்க வேலைக்காரிங்க. இதுதான் எங்க வேலை. முதலாளி எடுக்கச் சொல்லித்தான் எடுக்கிறோம். அதைப்போய்க் களவு எலைன்னு பேப்பர்ல போட்டுட்டாங்க, பேக்டரியில வாங்க மாட்டேங்கிறாங்க."

"யாருங்க அப்பிடிப் போட்டது?" கீர்த்திவாசன் கையில் கொழுந்தோடு நிருபர்கள் பக்கம் திரும்பினார். 'அந்திமணி' நிருபருக்குத் திடீரென்று மரத்திலிருந்த குருவிமேல் அக்கறை வந்துவிட்டது.

"ஐயா, அரிசி எறக்குன பின்னால லாரி சும்மாதானே போவும்? எங்க கூடைங்கள பேக்டரி வாசல்ல எறக்கி விட்டுருங்க, போதும்."

"அதுக்கென்னுங்க, ஏத்துங்க! நானே கூட வர்றேன்" என்றார் அவர்.

துணி கட்டிய லாரி பேக்டரி வாசலில் போய் நின்றபோது, ஆறுமுகசாமி சட்டைப் பித்தானைப் போட்டபடி ஓடிவந்தார். கேமரா ஒரு பக்கம், கோயமுத்தூர் முதலாளி ஒரு பக்கம். அவர் கூடைக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். மொட்டு மொட்டாகப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் ஒரே சீராக இருந்தது.

"எலை தங்கமான எலைங்க. அதுல எனக்கு எப்பவுமே சந்தேகமில்லீங்க" என்றவர், சுகுணாவைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெரியவரு வந்துட்டாரு, இன்னைக்கு எடுத்துக்கறேன். ஆனா நாளைக்குப் பேப்பரைப் பாத்துட்டுத்தானுங்க அடுத்த எலை. 'அந்திமணி' மறுபடி திருட்டுன்னு போட்டுட்டா, என் கையில ஒண்ணுமில்லை, பாத்துக்குங்க."

மறுநாள் காலையில் டீக்கடை முன்னால் பனிமட்டமே கூடியிருந்தது. 'பொற்காலை' முதல் பக்கத்தில் கீர்த்திவாசன் இரண்டு கையும் ஏந்தி நின்றார். கையில் கொழுந்து, ஒவ்வொரு நரம்பும் எண்ணுகிற மாதிரி சுத்தமான அச்சு. "கண்ணீர் மல்க நன்றி: கொழுந்தை அள்ளிக் கொடுத்த ஏழைப் பெண்கள்" என்று தலைப்பு.

"யாருடி அழுதது? நானா?" என்று காத்தாயி சண்டைக்குக் கிளம்பினாள்.

'உரிமைக்கொடி'யில், "பெண் தொழிலாளர் போராட்டம் வெற்றி! பணிந்தது தேயிலை ஆலை" என்றிருந்தது. அதிலும் அதே கை, அதே கொழுந்து. இரண்டு பத்திரிகையிலும் தலைப்பு பழையபடிதான் இருந்தது, திருந்தவில்லை. கொழுந்து மட்டும் வெட்டுப்படாமல் வந்திருந்தது. இனி ஒன்றுதான் பாக்கி. அதற்குச் சாயங்கால பஸ் வரவேண்டும். சுகுணா மத்தியானச் சோற்றைக்கூட டீக்கடை வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பொழுதுக்கும் வளைவுச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்ததும் கட்டைப் பிரித்து முதல் தாளை அவளிடம்தான் கொடுத்தார்கள். "பனிமட்டத்தில் பரபரப்பு! பிரபல ஜவுளி அதிபர் கையில் திணிக்கப்பட்டது என்ன?" என்று சிவப்பு எழுத்தில் அலறியது 'அந்திமணி'. சுகுணா கீழே இருந்ததை அவசர அவசரமாக வாசித்தாள். "முதலாளியின் அனுமதியோடு பெண்கள் பறித்த தரமான கொழுந்து. அதிபரே முகர்ந்து பார்த்து வியந்தார். கூட்டுறவு பேக்டரி வாங்கிக்கொண்டது." அவ்வளவுதான். அதற்குத்தான் அத்தனை அலறல்.

லைனே ஓவென்று கூவியது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஆறுமுகசாமியின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கக்கூட இல்லை. அவர் மடியிலும் 'அந்திமணி' கிடந்தது. "அம்மிணி, நாளையிலிருந்து தெனமும் எலை கொண்டாங்க. போர்டு தலைவரே போன் பண்ணிட்டாருங்க, பனிமட்டத்து எலைய வேற யாருக்கும் விட்டுறாதீங்கன்னு!" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. மூன்று பத்திரிகையையும் விரித்துவைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளியை முழுசாகப் போடுவதற்கு இடம் வேண்டுமென்று, மூன்றிலுமே சுகுணாவை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் கொழுந்தைப் போடுகிற இரண்டு கை மட்டும் இருந்தது. செடிக் கறை ஏறிய விரலும், கண்ணாடி வளையல் ஒன்றும். பெயர்கூட இல்லை.

"அடப் பாவிகளா! ஒன் மொகத்த வெட்டிப்புட்டானுங்களேடி! இவ்வளவும் செஞ்சவ நீ, ஒன்னையக் காணோமே!" காத்தாயிக்கு அழுகையே வந்துவிட்டது.

சுகுணா தாளை வாங்கிப் பார்த்தாள். கையேந்தி நின்றதாகவும் கத்தியதாகவும் திருடியதாகவும் போட்டபோதெல்லாம் அவள் முகம் முழுசாக இருந்தது. இப்போது முகம் இல்லை. அவளுக்கு அது துளியும் குறையாகப் படவில்லை. தலை கிறுகிறுக்கும் அளவுக்குப் பெருமையாக இருந்தது.

"என் மொகத்த வச்சு யாரு டீ போடப் போறா?" என்றாள். "கொழுந்தப் பாரு அக்கா. மூணு பேப்பர்லயும் ஒரு மொட்டு கொறையாம வந்திருக்கு. நாளைக்கு விடிய மேல்மலைக்குப் போகணும், வெரசா எந்திரி."